அலோய் வீலுக்கு லொக் நட் போடலாமா?

கொழும்பில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி மெரைன் டிரைவில் முடிகிறது. ஒரு பக்கம் தொடர்மாடிகள், மறுபக்கம் பழைய வீடுகள். தொடர்மாடியில் வீட்டுக்கு ஒரு தரிப்பிடம்தான். இரண்டாவது வாகனம் வைத்திருப்பவர்கள் இரவில் அதை மதிலோரமாக விட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு விடியற்காலை, அப்படி விட்ட கார் ஒன்று நாலு சீமெந்துக் கல்லின் மேல் இருந்தது. நாலு சில்லும் இல்லை. கண்ணாடி உடையவில்லை, கதவு நெம்பப்படவில்லை, உள்ளே இருந்த ரேடியோவைக்கூட யாரும் தொடவில்லை. பாண் வாங்கப் போனவர்களும் கடற்கரைக்கு நடக்கப் போனவர்களும் நின்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வாகனம் நிற்கும் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். நானும் போனேன்.

அன்று பின்னேரமே தெஹிவளையில் இருந்து மச்சான் அழைத்தான். அவனிடம் இருப்பது 17 அங்குல அலோய் (அலுமினியக் கலவை ரிம்) போட்ட ஹொண்டா வெசெல்.

"டேய், லொக் நட் போட்டா கள்ளனுக்குக் கழட்ட ஏலாதாமே? பஞ்சிகாவத்தையில ஒரு செட் வாங்கிட்டன். இப்பவே போடட்டா?"

பஞ்சிகாவத்தை என்பது கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் இடம். "பொறு, நான் வந்து பாக்கும்வரைக்கும் போடாதே" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் டொயோட்டா அக்ஸியோ ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்ற வாகனம். வெளியில் வாங்கிப் போட்ட அலோய் வீலோடு வந்தது. ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருந்ததை அழகுக்கு என்று நினைத்துவிட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. நல்லூர்த் தேருக்குக் குடும்பத்தோடு போகும்போது, கல்கமுவ தாண்டியதும் பின்பக்க இடது டயர் போய்விட்டது. ஆவணி வெயில். ஜக்கை வைத்து மூன்று நட்டைத் தளர்த்தினேன். நாலாவதில் வீல் பிரேஸ் (நட்டுக் கழற்றும் கம்பி) பிடிக்கவே இல்லை. அதற்கென்று ஒரு திறப்பு வேண்டுமாம். அந்தத் திறப்பு இன்னமும் ஜப்பானில் யார் வீட்டு மேசை லாச்சியிலாவது கிடக்கும்.

ஒரு த்ரீவீலர்காரர் பக்கத்து ஊர் டயர் ஒட்டும் மனிதரைக் கூட்டிவந்தார். அவர் நட்டைப் பார்த்தார், பையில் இருந்து ஒரு பழைய சொக்கட்டை (நட்டின் தலையில் மாட்டித் திருப்பும் இரும்புக் குழலை) எடுத்தார், நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் நாலு அடி, நீளமான கம்பியால் ஒரு திருப்பு. கழன்றுவிட்டது. நாங்கள் எதிர்க் கடையில் வாங்கிய தேத்தண்ணீர் ஆறக்கூட இல்லை. மகள்தான் கேட்டாள்: "அப்பா, இப்படிக் கழட்டலாம் எண்டால் இது எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. மச்சான் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

லொக் நட் செய்கிற வேலை எளிமையானது. ஒரு சில்லை 4 அல்லது 5 நட்டுகள் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துவிட்டு, அறுகோணத் தலை இல்லாத ஒன்றைப் போடுகிறோம். அதன் முகத்தில் பூவிதழ் மாதிரியோ அலை மாதிரியோ நெளிந்த ஒரு கோடு வெட்டியிருக்கும். அதற்குப் பொருந்தும் சிறு இரும்புத் துண்டுதான் திறப்பு. அதை நடுவில் வைத்து வீல் பிரேஸைப் பிடித்தால் மட்டும் நட்டுத் திரும்பும். ஒரு நட்டுக் கழலாவிட்டாலும் சில்லை வெளியே எடுக்க முடியாது என்பதால் சில்லுக்கு ஒன்று போதும். பெட்டியில் நாலு நட்டும் ஒரு திறப்பும் வரும்.

பூட்டு என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. கதவுப் பூட்டுக்குள் இருப்பது போல இதற்குள் எந்தப் பொறியும் இல்லை. இருப்பது ஒரு வடிவம் மட்டுமே. வடிவங்களின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. டயர் கடைகளுக்காகவே பல திறப்புகளை ஒன்றாகப் போட்ட செட்டுகள் வெளிப்படையாக விற்பனைக்கு உண்டு. திறப்பைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு உதவத்தான் அவை. ஆனால் வாங்குகிறவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வடிவம் பொருந்தாவிட்டாலும், வெளிச்சுவரை இறுக்கிப் பிடித்துத் திருப்பும் சொக்கட்டுகள் இருக்கின்றன. உள்ளே சுருள் வெட்டு இருக்கும். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப நட்டைக் கவ்வும். கல்கமுவ மனிதரிடம் அதுகூட இருக்கவில்லை. பழைய சொக்கட்டே போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மச்சானையும் கூட்டிக்கொண்டு நான் வழமையாகப் போகும் டயர் கடைக்குப் போனேன். கடைக்கார நானா முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவர். மச்சான் வாங்கிய பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இந்தச் சாமானால கள்ளனை விட எனக்குத்தான் கரைச்சல் கூட."

அவர் கடையின் ஓரத்தில் ஒரு பெயின்ட் வாளி இருக்கிறது. அதில் முக்கால்வாசி, உடைத்துக் கழற்றிய லொக் நட்டுகள். ஒன்றைக்கூடக் கள்ளன் உடைக்கவில்லை. எல்லாம் வாகனச் சொந்தக்காரர்கள் காசு கொடுத்து உடைக்கச் சொன்னவை. திறப்பைத் தொலைத்தவர்கள், திறப்பே இல்லாமல் வாகனம் வாங்கியவர்கள், வேறு கடையில் இம்பக்ட் துப்பாக்கியால் (அடித்து அடித்து நட்டைச் சுழற்றும் கருவியால்) இறுக்கித் திறப்பின் பல்லை உடைத்துக்கொண்டவர்கள். லொக் நட்டை இம்பக்டால் இறுக்கக்கூடாது என்று செய்கிறவர்களே எழுதி அனுப்புகிறார்கள். அவசரத்தில் வேலை செய்யும் பையன் அதை எங்கே வாசிக்கப் போகிறான்?

நானா வாளியில் இருந்து இரண்டு நட்டைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார். ஒன்று மலிவு ரகம். நாலு பேர் கொத்து ரொட்டி சாப்பிடும் காசுக்கு ஒரு செட்டே வாங்கலாம். வெளிச்சுவர் நேராக, சாதாரண நட்டு மாதிரியே இருந்தது. முகத்தில் வெட்டிய கோடும் ஆழமில்லை, இரும்பும் மெது. கல்கமுவவில் என்னுடையது கழன்றது இப்படித்தான். மற்றது நல்ல ரகம். அதன் தலையைச் சுற்றி ஒரு வளையம், தனியாகச் சுழலும்படி செய்தது. மேலே சொக்கட்டை அடித்து இறுக்கினாலும் வளையம் மட்டும் சும்மா சுற்றும், உள்ளே நட்டு அசையாது. இரும்பும் பதம் வைத்துக் கடினமாக்கியது. இந்தத் தொழிலில் பெயர் எடுத்தவை அமெரிக்காவின் மக்கார்ட், ஜப்பானின் கியோஎய் போன்றவை. மக்கார்ட் 1964 இல் தொடங்கிய நிறுவனம். நம் ஊரில் பெயரைப் பார்த்து மட்டும் வாங்க முடியாது. பெட்டியில் பெயர் இருக்கும், உள்ளே இரும்பு வேறாக இருக்கும். திறப்புக்கான இலக்கம் எழுதிய அட்டை உள்ளே இல்லாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வளையம் சுழல்கிற ரகம் கள்ளனைக் கஷ்டப்படுத்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முடியாமல் பண்ணாது, கஷ்டப்படுத்தும். உளி வைத்து வளையத்தை உடைத்துவிட்டு உள்ளே இருப்பதைப் பிடிக்கலாம். ஆனால் அதற்கு நேரம் போகும், சத்தமும் வரும். இன்றைக்கு பட்டரியில் ஓடும் இம்பக்ட் துப்பாக்கி கையில் இருந்தால் 16 சாதாரண நட்டும் சில நிமிட வேலை. அந்த வேகத்தில் பழகியவன் விடிய மூன்று மணிக்கு ஒழுங்கை நடுவில் உளியும் சுத்தியலுமாக நாலு தடவை தட்டிக்கொண்டு இருக்க விரும்ப மாட்டான். பக்கத்தில் நிற்கும் காருக்குப் போய்விடுவான். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்ல லொக் நட் போடும்போது நாம் வாங்குவது பக்கத்து வீட்டுக்காரரின் காரைவிட நம்முடையது கரைச்சலான கார் என்ற தகுதியைத்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உப்புக் காற்று. சுழல வேண்டிய வளையம் ஒரு வருடத்தில் துரு ஏறி இறுகிவிட்டால் அதற்கும் மலிவு ரகத்துக்கும் வித்தியாசம் இல்லை. நானா காட்டிய நல்ல ரக நட்டே அப்படித்தான் இறுகிப்போய் இருந்தது. கார் கழுவும்போது வளையத்தை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். துரு எடுக்கும் எண்ணெய் அடிக்கலாம், ஆனால் வளையத்தில் மட்டும். புரியில் எண்ணெயோ கிறீஸோ போனால், அதே பலத்தில் இறுக்கினாலும் நட்டு அளவுக்கு மேல் இறுகி, அது ஏறியிருக்கும் ஆணியை இழுத்து நீட்டிவிடும்.

இனி நான் மச்சானைப் பொறு என்று சொன்னதன் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். களவை விடப் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதும் இல்லை.

நட்டு அலோயில் உட்காரும் முகம் எல்லா வாகனத்துக்கும் ஒன்று கிடையாது. ஹொண்டா தன் சொந்த ரிம்களுக்குப் போடும் நட்டின் முகம் அரைப் பந்து மாதிரி வளைந்திருக்கும். வெளியில் வாங்கும் அலோய்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பாகைக் கூம்பு வேண்டும். டொயோட்டா தன் அலோய்கள் பலவற்றுக்குத் தட்டையான வளையம் வைத்த நட்டைத் தருகிறது. அதே டொயோட்டாவின் ஸ்டீல் ரிம்முக்குக் கூம்பு. மச்சானுடைய வெசெலில் இருப்பது ஹொண்டாவின் ரிம்கள். அவன் வாங்கி வந்த லொக் நட் கூம்பு. பந்து உட்காரும் குழியில் கூம்பை இறுக்கினால் அது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். கையில் இறுகினது போல இருக்கும். ஓட ஓடத் தளர்ந்துகொண்டே வரும். அதிவேகப் பாதையில் 100 இல் போகும்போது சில்லு ஆடத் தொடங்கினால், கள்ளன் கொண்டுபோயிருந்தாலே பரவாயில்லை என்று தோன்றும்.

புரியும் அப்படித்தான். டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி ஆகியவற்றின் சிறிய கார்களில் நட்டு ஏறும் ஆணியின் தடிமன் 12 மில்லிமீற்றர், புரி 1.5, அதாவது ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இடையே 1.5 மில்லிமீற்றர். சுசுகியிலும் நிசானிலும் அதே 12 தான், புரி 1.25. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெகன் ஆர் வைத்திருப்பவர் தெரியாமல் 1.5 ஐ வாங்கி, கடைப் பையன் இம்பக்டால் அடித்து ஏற்றினால் ஆணியின் புரியே போய்விடும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் கையால் மட்டும் நட்டைத் திருப்பிப் பாருங்கள். தடை இல்லாமல் போக வேண்டும். 1.5 புரியில் 8 சுற்றாவது, 1.25 இல் 10 சுற்று அளவாவது உள்ளே போனால்தான் ஆணியின் தடிமன் அளவுக்குப் பிடி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றால் அந்த நட்டு உங்களுடையது இல்லை.

நானா மச்சானுடைய நட்டைச் சில்லின் குழியில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். சுற்றிவர இடைவெளி. மச்சான் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடி டிக்கிக்குள் போட்டான்.

சரி, வேறு என்ன வழி?

மச்சானுக்கு முதலில் தோன்றியது அலாம். கொழும்பில் பொதுவாகப் பொருத்துகிறவை அதிர்வுக்குக் கத்துபவை. கரையோர ரயில் பாதை எங்களுக்கு நூறு யார் தூரத்தில். இரவு ரயில் போனால் ஒழுங்கையில் இரண்டு கார் கத்தும். இடி இடித்தாலும், சித்திரை வருடப்பிறப்புக்கு வெடி கொளுத்தினாலும் கத்தும். இதனால் இப்போது எந்தக் கார் கத்தினாலும் யாரும் யன்னலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சில்லுக் களவுக்கு உண்மையில் வேண்டியது சாய்வை அறியும் அலாம். நிறுத்தியபோது இருந்த கோணத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஜக் போட்டு ஒரு பக்கம் ஒன்றிரண்டு பாகை உயர்ந்ததும் கத்தும். ரயில் அதிர்வுக்கு அசையாது. ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே வருகிறது. நம்மிடம் இருக்கும் ஜப்பான் சிறிய கார்களில் வருவதில்லை, வெளியில் போட வேண்டும். ஹைபிரிட் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அவற்றின் 12 வோல்ட் பட்டரி சிறியது. எப்போதாவது ஓடும் காரில் அலாம் அதை உறிஞ்சிவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. வயரை வெட்டி ஒட்டாமல், பொருத்தமான பிளக்கோடு போடத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கிடைத்தால் இது நல்ல வழி. நிச்சயமாக மலிவு லொக் நட்டை விட நல்லது. தனி வீட்டுக்காரர், காருக்கு நேர் மேலே படுக்கையறை என்றால் இதைத்தான் சொல்வேன். எட்டாம் மாடியில் இருப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஜிபிஎஸ் போடலாமா என்றும் கேட்டான். கார் அங்கேயே நிற்கும்டா, சில்லுதான் போகும் என்றேன்.

அடுத்தது ஸ்டீல் ரிம். நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, ஆனாலும் என் மனம் இதில்தான் நிற்கிறது. கள்ளன் அலோய்க்காகத்தான் வருகிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களை மறுபடி விடும்வரை, இந்த நாட்டில் ஓடியதெல்லாம் இருந்த வாகனங்கள்தான். பாவித்த பாகத்துக்கு அந்த வருடங்களில் வந்த மதிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை. பஞ்சிகாவத்தையைப் பற்றிய பழைய பகிடி எல்லோருக்கும் தெரியும்: காலையில் காணாமல் போன சைட் மிரரைப் பின்னேரம் அங்கே போய்த் திரும்ப வாங்கலாம். பகிடியை விட்டாலும், 15 அங்குல ஸ்டீல் ரிம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் விற்க யாரும் இரவு நித்திரையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். போனால் ரிம்மை மூடும் பிளாஸ்டிக் கப் போகும். அதற்கும் கொழும்புக்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு கேபிள் டை போட்டு ரிம்மோடு இறுக்கிவிடுவது. குழியில் விழுந்து வளைந்தாலும் ஸ்டீலை அடித்து நேராக்கலாம். அலோய் வெடித்தால் ஒட்டுவதா விடுவதா என்று தலையிடி. அழகு குறையும், அதை நான் மறுக்கவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு "ஹயர் ஓடப் போறீங்களா?" என்றாள்.

தரிப்பிடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேட்டும் காவலாளியும் உள்ள இடம் எல்லாவற்றிலும் மேல். எங்கள் கட்டடத்திலேயே கார் இல்லாத இரண்டு வீடுகள் இருக்கின்றன. அவர்களுடைய தரிப்பிடங்கள் சும்மா கிடக்கின்றன. மாதவாடகைக்குக் கேட்டால் தருவார்கள். சில்லு போனவர் அதே கட்டடக்காரர்தான், ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. பகலில் சில வீதியோரத் தரிப்பிடங்களில் காசு வாங்கும் ஆள் நிற்பதுண்டு. இரவில் நிற்க மாட்டார். வேறு வழி இல்லாமல் வீதியில் விட்டால், வெளிச்சத்தின் கீழும் கமரா பார்க்கும் இடத்திலும், ஒரு பக்கச் சில்லு மதிலோடு ஒட்டிய மாதிரியும் விடலாம். அந்தப் பக்கம் ஜக் வைக்கவோ வீல் பிரேஸ் சுழற்றவோ இடம் இருக்காது. மற்றப் பக்கம் திறந்துதான் கிடக்கும். ஆனாலும் பாதியோடு போகும்.

காப்புறுதியில் பலர் கனவு காண்கிறார்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் சில்லுக் களவுக்கு ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றாலும், வாகனம் முழுதாகக் களவு போகாமல் பாகம் மட்டும் போனால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் தேடி வாசியுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் "கவர் ஆகும் சேர்" என்பார்கள், எழுத்தில் வாங்குங்கள். அலோய் பிறகு போட்டது என்றால் அதை அவர்களுக்கு அறிவித்திருக்கிறீர்களா என்பதும் கேள்வி. கிடைத்தாலும் நோ கிளெய்ம் போனஸ் (நட்டஈடு கேட்காத வருடங்களுக்குத் தரும் கழிவு) போகும். ஒரு சோடி ரிம்முக்காக அதை இழப்பது கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று: நட்டம் ரிம்மோடு முடிவதில்லை. எங்கள் ஒழுங்கைக் காரில் கல் சரியான இடத்தில் வைக்கப்படவில்லை. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு நசுங்கி, ஒரு பிரேக் டிஸ்க் நிலத்தில் இடித்திருந்தது. ரிம் வாங்கிய காசுக்குக் கிட்ட அதற்கும் போயிற்று.

காசு செலவில்லாத ஒரு வேலை உண்டு. நாலு சில்லையும் கிட்டப் போய்ப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டயர் பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு உள்ள இலக்கமும் தெரிய எடுங்கள். அதன் கடைசி நாலு இலக்கமும் டயர் செய்த கிழமையும் வருடமும்: 2323 என்றால் 2023 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. அடுத்த முறை டயர் மாற்றும்போது ரிம்மின் உட்பக்கத்தில் வாகன இலக்கத்தைக் கீறிவிடச் சொல்லலாம். களவைத் தடுக்காது. ஆனால் 119 க்கு அடித்துவிட்டுப் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது "கறுப்பு நிற அலோய், நாலு" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். களவுச் சாமான் என்று தெரிந்துகொண்டே வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். அதை நிரூபிக்க இப்படி ஓர் அடையாளம் வேண்டும்.

இதையெல்லாம் பேசி முடிக்க நானாவின் கடையில் மூன்று தேத்தண்ணீர் ஆகியிருந்தது. மச்சான் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

அவனுக்கு நான் சொன்னது இது. அவன் காரை இரவில் வீதியில்தான் விடுகிறான், வேறு தரிப்பிடம் இல்லை. வெசெலின் 17 அங்குல அலோய் கண்ணை இழுக்கும். அவன் அதைக் கழற்றி ஸ்டீல் போடப்போவதும் இல்லை. அப்படியானால் லொக் நட் போடத்தான் வேண்டும். ஆனால் வாங்கிய செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹொண்டாவின் பந்து முகத்துக்கும் 1.5 புரிக்கும் பொருந்தும் சுழல் வளைய ரகத்தைத் தேடி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் சாதாரண நட்டோடு விட்டுவிடுவது மேல். படுக்கையறை முதல் மாடி, வீதியைப் பார்த்தபடி. ஆகவே சாய்வு அலாமும் சேர்க்கலாம்.

போடுவதாக இருந்தால், மற்ற நட்டுகளை இறுக்கிய பிறகு கையால், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வெசெலுக்கு 108 நியூட்டன் மீற்றர், என் அக்ஸியோவுக்கு 103. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். திறப்பை டேஷ்போர்ட் பெட்டியில் வைக்கவே கூடாது, கண்ணாடியை உடைப்பவன் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். வீட்டில் வைத்தாலும் ஆபத்து, எனக்கு நடந்ததுதான் நடக்கும். துணியில் சுற்றி, டிக்கிக்குள் ஜக் இருக்கும் பக்கம் தவிர்த்து வேறு ஒரு மூலையில், வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வைக்கலாம். இலக்கம் எழுதிய அட்டையைப் படம் எடுத்துவிட்டு வீட்டில் வைக்கலாம். டயர் கடைக்குப் போனால் திறப்பை நாமே எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் நாமே கையில் வாங்க வேண்டும். நானாவின் கணக்கில், தொலைகிற திறப்புகளில் பாதி டயர் கடையின் நிலத்திலேயே தொலைகின்றன. சொன்னவர் டயர் கடைக்காரர்.

வெகன் ஆர், ஓல்ட்டோ, விட்ஸ் என்று ஸ்டீல் ரிம்மில் ஓடுகிறவர்கள் லொக் நட்டைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. அந்தக் காசுக்கு சைட் மிரரைப் பாதுகாக்கப் பாருங்கள். கொழும்பில் எனக்குத் தெரிந்தவர்கள் இழந்ததில் முக்கால்வாசி அதுதான். சில்லு நாலும் போனது என் காலத்தில் இந்த ஒன்றுதான். கேட் உள்ள இடத்தில் விடுகிறவர்களுக்கும் இது வேண்டாத கரைச்சல். ஜப்பானில் இருந்து வந்த வாகனத்தை வாங்கப் போகிறவர்கள் மட்டும், காசைக் கொடுக்கும் முன் நாலு சில்லையும் குனிந்து பாருங்கள். வேறு மாதிரி ஒரு நட்டுத் தெரிந்தால் திறப்பைக் கேளுங்கள். இல்லை என்றால், விற்கிறவர் செலவில் கழற்றித் தரச் சொல்லுங்கள்.

என்னுடையதில் கல்கமுவவுக்குப் பிறகும் மூன்று லொக் நட்டுகள் மிச்சம் இருந்தன. அன்றைக்கே நானாவிடம் அவற்றைக் கழற்றச் சொன்னேன். இரண்டு இலகுவாக வந்தன. மூன்றாவதுக்கு மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டி வந்தது, அலோயின் பூச்சு அந்த இடத்தில் பொரிந்துவிட்டது. அந்த ரிம்மைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்ததால், அடுத்த மாதமே நாலு அலோயையும் விற்று ஸ்டீல் போட்டேன். கழற்றிய மூன்று நட்டும் நானாவின் பெயின்ட் வாளிக்குப் போயின.